வேலை உறுதியாகும் முன்பே வெளிநாடு: மலையகப் பொறியியலாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் வெளிநாடு போவதை வீட்டில் முட்டாள்தனம் என்பார்கள். நண்பர்கள் துணிச்சல் என்பார்கள். இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதில்லை. போய் இறங்கும் நாட்டின் சட்டம் அங்கே வேலை தேட உங்களை அனுமதிக்கிறதா? அந்தத் தேடல் முடியும்வரை கடன் வாங்காமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் தாராளமாகப் புறப்படலாம். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் இன்னும் ஓராண்டு பொறுங்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துப் பொறியியல் பட்டதாரிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பொதுவான வழிகாட்டிகளில் இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. லயத்து (தோட்ட வரிசை வீட்டு) முகவரி, தாளுக்குத் தாள் மாறும் பெயர், வங்கியில் ஈடு வைக்க உறுதிப் பத்திரம் இல்லாத வீடு. யாழ்ப்பாணத்து நண்பருக்கு டொரன்டோவிலோ டோர்ட்முண்டிலோ ஒரு சித்தப்பா இருப்பார். முதல் மாதம் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலானோருக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே நம் கணக்கில் தங்குமிடச் செலவு முதல் நாளிலிருந்தே ஓடும்.

முதல் படி: எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள்?

வேலை இல்லாமல் போவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, குடியேறும் உரிமையை இங்கிருந்தபடியே பெற்றுக்கொண்டு போவது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் இந்த வகை. வேலை வழங்குநர் எவரும் தேவையில்லை. வயது, கல்வி, ஆங்கிலம், அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி போடுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் 189, 190, 491 ஆகிய விசாக்களுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். 28 வயதுப் பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, இளமாணிப் பட்டத்துக்கு 15, அவுஸ்திரேலியாவுக்கு வெளியே (இலங்கையிலும்) பெற்ற மூன்றாண்டு அனுபவத்துக்கு 5, ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் ஒவ்வொரு பிரிவிலும் 8 எடுத்தால் 20. மொத்தம் 70. ஆங்கிலத்தில் 7 மட்டும் எடுத்தால் அந்த 20 வெறும் 10 ஆகிவிடும். மொத்தம் 60தான், மாநிலப் பரிந்துரைப் புள்ளி சேராத 189 விசாவுக்கு வரிசையில் நிற்கவே முடியாது. 65 என்பதும் வரிசையில் சேர்வதற்கான புள்ளியே. அழைப்புக் கடிதம் பெரும்பாலும் அதைவிட அதிகம் வைத்திருப்பவருக்கே வருகிறது.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையிலும் வேலை ஒப்பந்தம் கட்டாயமில்லை. 2025 மார்ச்சில் வேலை ஒப்பந்தத்துக்குக் கொடுத்துவந்த மேலதிகப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அண்மைக் காலத்தில் அழைப்புகளின் பெரும்பகுதி ஏற்கெனவே கனடாவில் வேலை செய்தவர்களுக்கும், மாகாணங்கள் பரிந்துரைத்தவர்களுக்கும், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும்தான் போயிருக்கிறது. இங்கிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் சிவில் பொறியியலாளர் இதைத் தெரிந்துகொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேலை தேடுவதற்கென்றே கொடுக்கப்படும் தற்காலிக அனுமதி. ஜேர்மனி 2024 ஜூன் 1 முதல் வழங்கும் ‘ஷான்சன்கார்ட்டே’ எனும் வாய்ப்பு அட்டை இதில் முக்கியமானது. ஒஸ்திரியாவில் 100க்கு 70 புள்ளிகள் எடுக்கும் உயர்தகுதியாளருக்கு ஆறு மாத வேலை தேடும் விசா உண்டு. சுவீடனிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு முதுமாணி நிலைப் பட்டம் வேண்டும்; நம் நான்காண்டு இளமாணிப் பட்டம் மட்டும் போதாது.

மூன்றாவது, டுபாய்க்கு விசிட் விசாவில் போய், யாரோ ஒருவரின் அறையில் கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கி வேலை தேடுவது. நம் ஊரிலிருந்து அதிகம் பேர் நுழைவது இந்த வாசலில்தான், அதிகம் பேர் அடிபடுவதும் இங்கேதான். விசிட் விசாவில் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். வேலை செய்யக்கூடாது. ‘இரண்டு மாதம் வேலை செய், பிறகு விசா மாற்றித் தருகிறோம்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அது சட்டவிரோதம். அனுமதிப்பத்திரமின்றி ஆளை வேலைக்கு வைத்தால் ஒரு இலட்சம் திர்ஹம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2024இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. அபராதம் கம்பனிக்கு, நாடு கடத்தல் உங்களுக்கு. வேலை தேடுவோருக்கென 60, 90, 120 நாள் விசா ஒன்று 2022 முதல் அங்கே இருக்கிறது. தகுதி இருந்தால் அதையே கேளுங்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 33 வயதுக்குக் கீழே, ஆங்கிலம் நன்றாக வரும், காத்திருக்கப் பொறுமையும் உண்டு என்றால் அவுஸ்திரேலியா. ஒரு புதிய மொழியைக் கற்க ஓராண்டு ஒதுக்க முடியும் என்றால் ஜேர்மனி. வளைகுடாவுக்கு வேலை ஒப்பந்தத்தோடு போங்கள்; ஒப்பந்தமில்லாமல் போவதற்கு அது கடைசித் தெரிவாக இருக்கட்டும். இனி வரும் படிகளில் ஜேர்மன் வாய்ப்பு அட்டையையே அதிகம் எடுத்துப் பேசுகிறேன், ஏனெனில் ‘வேலை இல்லாமல் போய்த் தேடுவது’ என்பதன் முழுப் பொருளும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: தாள்களைச் சீராக்குங்கள்

இதை எல்லாவற்றுக்கும் முன் தொடங்குங்கள். நினைப்பதைவிட நீளும்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவைப் பல வேளைகளில் சிங்களத்தில் எழுதினார்கள். அதிலிருந்து அடையாள அட்டைக்கு ஆங்கில எழுத்து வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை வேறு எழுத்தில் பெயரை அனுப்பியது. பல்கலைக்கழகம் மூன்றாவது விதமாக அச்சிட்டது. விஜயகுமார் என்ற பெயர் ஒரு தாளில் ‘வீ’ எழுத்தில் தொடங்கும், இன்னொரு தாளில் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, மற்றோரிடத்தில் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். இங்கே யாரும் இதைக் கவனிப்பதில்லை. தூதரக அதிகாரிக்கோ பட்டத்தை மதிப்பிடும் நிறுவனத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

ஒரு மேசையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரண தர மற்றும் உயர்தரச் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதங்கள் அனைத்தையும் பரப்பி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளதும் பட்டத்தில் உள்ளதும் ஒத்துப்போவதே மிக முக்கியம். பிழை பிறப்புச் சான்றிதழிலேயே இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். சிறிய எழுத்து வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளலாம். அதைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். நிரந்தரத் தீர்வு திருத்தம்தான்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதுதான் இனி வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் வரும். ஜேர்மன் அலுவலகத்தில் உங்கள் தகப்பனாரின் பெயரைச் சொல்லி உங்களை அழைப்பார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முகவரியும் ஒரு தலைவலி. ‘கீழ்ப்பிரிவு, இன்ன தோட்டம், பொகவந்தலாவை’ என்றுதான் எழுத முடிகிறது. வீட்டு இலக்கம், வீதிப் பெயர் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலாவது வந்து சேரும். இணைய விண்ணப்பங்களில் வீட்டு இலக்கம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக விடாத படிவங்களும் உண்டு. ஒரே வடிவத்தை முடிவு செய்து, வங்கி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். கூரியர் மூலம் வரவேண்டிய பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு போன்றவற்றுக்கு நகரத்தில் நம்பிக்கையான ஒருவரின் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுப்பது நல்லது.

கடவுச்சீட்டுக்கு பத்தரமுல்லைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை கண்டியிலும் இருக்கிறது. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்கள் தட்டுப்பட்டு மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை மறந்துவிடாதீர்கள்: விசாவுக்கு நாள் குறித்த பிறகு கடவுச்சீட்டு எடுக்கப் போகக்கூடாது. பொலிஸ் அறிக்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு சான்றிதழ்களை உறுதிப்படுத்தித் தருகிறது. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள தாள்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, பெயரை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான்காவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்கும்.

மூன்றாம் படி: பட்டத்தின் மதிப்பு

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள 1989இல் சில நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. உங்கள் பட்டப்படிப்பு அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டு அதற்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் அமைப்பின் தகுதி மதிப்பீடு இலகுவாகும். இல்லாவிட்டால் உங்கள் வேலையை விவரிக்கும் மூன்று நீண்ட கட்டுரைகளுடன் திறன் அறிக்கை ஒன்றை நீங்களே எழுத வேண்டும். காசுக்கு எழுதிக் கொடுக்கும் ஆட்கள் ஹட்டனிலும் இருக்கிறார்கள், இணையத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறர் எழுதியது என்று பிடிபட்டால் அந்த அமைப்பிடம் மீண்டும் விண்ணப்பிப்பதே தடைப்படும்.

ஜேர்மனிக்கு ‘அனாபின்’ என்ற தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு ‘எச் பிளஸ்’ குறியீடும், பட்டத்துக்கு ஜேர்மன் பட்டத்துடன் சமம் என்ற குறிப்பும் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுவே சான்று. பட்டம் பட்டியலில் இல்லாவிட்டால் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்றிதழ் பெறலாம். தனியார் கல்லூரியில் படித்துப் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள் இந்தப் படியில் கூடுதல் கவனம் எடுங்கள். உயர் தேசிய டிப்ளோமா மட்டும் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அட்டைக்கு வழி உண்டு, ஆனால் அவர்கள் புள்ளிமுறை வழியாகத்தான் வரவேண்டும்.

இன்னொன்று. ஜேர்மனியில் ‘பொறியியலாளர்’ என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ள பெரும்பாலும் அந்தந்த மாநிலப் பொறியியலாளர் சபையின் அனுமதி வேண்டும். ஒரு நிறுவனத்தில் பொறியியல் வேலை செய்ய அது பெரும்பாலும் தேவைப்படாது. கனடாவிலும் இந்த உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஒன்ராறியோ 2023இல் ‘கனடிய அனுபவம்’ என்ற நிபந்தனையை நீக்கியது, அது நமக்கு நல்ல செய்தி.

நான்காம் படி: வாய்ப்பு அட்டையின் புள்ளிக் கணக்கு

பட்டம் முழுமையாக அங்கீகரிக்கப்பட்டவருக்குப் புள்ளிக் கணக்கே தேவையில்லை. தகுதிபெற்ற வல்லுநர் என்ற முறையில் நேரடியாக அட்டை கேட்கலாம். மற்றவர்களுக்கு, இலங்கையில் அங்கீகாரம் பெற்ற தகுதியும், ஜேர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 நிலையும் அடிப்படை (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று மொழித் தேர்ச்சி நிலைகள் ஏறும்). அதன்மேல் 6 புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

35 வயதுக்குள் இருந்தால் 2. கடந்த ஐந்தாண்டுக்குள் இரண்டாண்டு துறைசார் அனுபவம் இருந்தால் 2. கடந்த ஏழாண்டுக்குள் ஐந்தாண்டு என்றால் 3. ஆங்கிலம் சி1 நிலைக்கு, அதாவது ஐ.ஈ.எல்.டி.எஸ். 7க்கு, 1. ஆட்பற்றாக்குறை உள்ள தொழிலுக்கு 1. பெரும்பாலான பொறியியல் துறைகள் இதில் அடங்கும். இரண்டாண்டு அனுபவம் மட்டும் உள்ளவருக்கே இதோடு 6 வந்துவிட்டது. ஜேர்மன் மொழி ஏ2க்கு 1, பி1க்கு 2, பி2க்கு 3 என்று மேலும் சேரும்.

அட்டை ஓராண்டு வரை செல்லும். வாரத்துக்கு 20 மணித்தியாலம் பகுதிநேர வேலை செய்யலாம்; ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம். தகுதியான வேலை கிடைத்தால் அங்கிருந்தபடியே ஐரோப்பிய நீல அட்டைக்கோ வேறு வேலை அனுமதிக்கோ மாறிக்கொள்ளலாம். நீல அட்டைக்கான ஆண்டுச் சம்பள வரம்பு 2025இல் 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்றாண்டு கடக்காதவர்களுக்கும் அந்த ஆண்டு 43,759.80 யூரோ போதுமாக இருந்தது. இந்த எண்கள் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள்.

புள்ளி 6 வந்தவுடன் மொழியை விட்டுவிடும் பழக்கம் நம்மில் இருக்கிறது. விசாவுக்கு அது போதும், வேலைக்குப் போதாது. மென்பொருள் துறை தவிர்த்து, கட்டடம், மின், இயந்திரம், நீர் என்று எந்தத் துறையாக இருந்தாலும் தளத்திலும் அலுவலகத்திலும் பேசுவது ஜேர்மன் மொழிதான். பி1 முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். பி2 வரை போனால் இன்னும் நல்லது. அதோடு, ஜேர்மன் பொருளாதாரம் 2023இலும் 2024இலும் சுருங்கியது. வாகனத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. ‘ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள்’ என்று கொழும்பு விளம்பரங்கள் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பணம்

வாய்ப்பு அட்டைக்கு, வாழ்க்கைச் செலவைப் பெரும்பாலும் ஓராண்டுக்கு முன்கூட்டியே முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2025இன் அளவு மாதம் 1,091 யூரோ. பன்னிரண்டு மாதத்துக்கு 13,092. இலங்கைப் பணத்தில் நாற்பது இலட்சத்தைத் தாண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கூலியில் இது ஏறத்தாழ மூவாயிரம் நாள் கொழுந்து பறித்த காசு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வரியை எழுதுகிறேன்: அம்மாவின் ஊழியர் சேமலாப நிதியை இதில் போடாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். வட்டிக்கு வாங்காதீர்கள்.

சொந்தச் சேமிப்பு, வேலைக்குப் போகும் சகோதரரின் பங்கு என்று வட்டியில்லாத பணம் மட்டும் வரட்டும். அதற்கு மூன்றாண்டு ஆகும் என்றால் மூன்றாண்டு ஆகட்டும். அதற்குள் அனுபவப் புள்ளியும் மொழியும் கூடும். கடனோடு போகிறவர் நான்காவது மாதத்திலேயே பொதி கட்டும் வேலையில் முழு நேரமும் மூழ்கிவிடுவார். பொறியியல் வேலைக்கு விண்ணப்பிக்க நேரமும் தெம்பும் மிஞ்சாது.

முடக்கப்பட்ட கணக்கைப் பற்றி ஒரு நுணுக்கம். அங்கே போனதும் மாதம் 1,091 யூரோதான் வெளியே எடுக்க முடியும், மொத்தமாக எடுக்க முடியாது. ஆனால் வீடு எடுக்கும்போது முற்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்பார்கள். விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, குளிர்காலச் சப்பாத்து, கோட்டு, முதல் மாத விடுதிச் செலவு இவையும் அந்தக் கணக்குக்கு வெளியே. இவற்றுக்காகக் குறைந்தது மூவாயிரம் யூரோவாவது தனியே வையுங்கள்.

சேமிப்பை ரூபாயிலேயே வைத்திருப்பதும் ஆபத்து. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அதுவரை சேர்த்தவர்களின் பணம் பாதியளவுக்குச் சுருங்கியது. வரைபடம் வரைதல், கட்டமைப்புக் கணிப்பு போன்ற வேலைகளை இணையம் வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்து, வரும் பணத்தைத் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் அப்படியே சேர்ப்பது நல்ல வழி. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு சான்றுக் கடிதமும் கிடைக்கும்.

ஆறாம் படி: மலைநாட்டு அனுபவத்தை விற்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பிள்ளைகளின் சுயவிவரக் கோவையைப் பார்த்தால், கொழும்பில் உயர்மாடிக் கட்டடத்தில் ஆறு மாதம் நின்றதை அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். ஊரில் செய்த வேலைக்கு ஒரு வரி. இதைத் தலைகீழாக்குங்கள்.

மேல் கொத்மலை 150 மெகாவாட் திட்டம், 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயா 120 மெகாவாட் திட்டம், லக்ஷபான தொகுதி, ஓடைகளில் அமைந்த சிறு நீர்மின் நிலையங்கள் என்று நம்மைச் சுற்றியிருப்பது பெரிய பாடசாலை. உமா ஓயா சுரங்கத்தில் நீர் பெருக்கெடுத்து, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றிய கதையை அந்தத் தளத்தில் நின்ற ஒருவர் நேர்முகத் தேர்வில் சொன்னால், ஒஸ்திரியச் சுரங்கப் பொறியியலாளர் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். என்ன நடந்தது, எதை அளந்தீர்கள், எந்த முடிவில் உங்கள் பங்கு இருந்தது என்று மூன்று வரியில் எழுதுங்கள்.

மண்சரிவும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்ட பிறகு, சாய்வுகளை உறுதிப்படுத்தல், வடிகால், அபாய வரைபடம் ஆகிய வேலைகள் இங்கே பெருகின. ஆல்ப்ஸ் மலை நாடுகளுக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இது அன்றாடத் தேவை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த இயந்திரப் பொறியியலாளர், கொதிகலன், வாட்டும் தொட்டியின் காற்றோட்டம், உலர்த்தியின் வெப்பத் திறன் ஆகியவற்றை உணவுப் பதனிடல் நிறுவனத்துக்குப் புரியும் மொழியில் எழுதலாம். ‘தொழிற்சாலைப் பராமரிப்பு’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. விறகுச் செலவு எவ்வளவு குறைந்தது, இயந்திரம் நின்ற நேரம் எவ்வளவு குறைந்தது என்று அலகோடு சொல்லுங்கள்.

கனடாவுக்கு அனுப்பும் கோவையில் புகைப்படம், வயது, மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். ஜேர்மனிக்கு இரண்டு பக்கத்தில், திகதி வரிசைப்படி, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பழைய வேலை வழங்குநர் ஒவ்வொருவரிடமும் சேவைச் சான்று வாங்கி இணையுங்கள், அதை அங்கே பெரும்பாலும் கேட்பார்கள்.

போவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பதில் வராது என்றாலும் எந்தத் திறனைக் கேட்கிறார்கள் என்பது தெரியும். காணொளி நேர்முகத் தேர்வுக்கு நேரக் கணக்கு கவனம்: பெர்லினில் காலை 10 மணி என்பது அவர்களின் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. பிற்பகல் மழையும் மின்வெட்டும் சேரும் நேரம். அன்றைக்கு நகரத்தில், நல்ல இணைப்புள்ள ஒரு நண்பரின் அறைக்குப் போய்விடுங்கள்.

ஏழாம் படி: இருக்கும் வேலையை எப்படி விடுவது

முடிந்தால் விடாதீர்கள். அரச ஊழியர்கள் வெளிநாட்டு வேலைக்காக ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க 2022ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று வழிசெய்தது. உங்கள் திணைக்களத்தில் இப்போதைய நிலை என்ன, வேலை தேடும் அனுமதியோடு போகிறவருக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாரில் அப்படி விடுமுறை கிடைப்பது அரிது. ஆனாலும் நல்ல முறையில் அறிவித்தல் கொடுத்து, வேலையை ஒப்படைத்து, கடிதம் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

எட்டாம் படி: முகவர்கள்

வாய்ப்பு அட்டைக்கோ, அவுஸ்திரேலியப் புள்ளி விசாவுக்கோ, கனடாவுக்கோ விண்ணப்பிக்க முகவர் தேவையில்லை. படிவத்தைப் படித்து நிரப்பத் தெரிந்த பொறியியலாளர் தானே செய்யலாம். ‘வேலையும் சேர்த்துத் தருகிறோம்’ என்று சொல்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறாரா, அந்த வேலைக்குரிய ஒப்புதல் இருக்கிறதா என்று 1989 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். தாய்லாந்திலும் டுபாயிலும் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி முகாம்களில் அடைபட்டு, பின்னர் மீட்கப்பட்டது அண்மை ஆண்டுகளில் நடந்ததுதான். ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பட்டதாரிகளைத்தான் அவர்கள் தேடினார்கள்.

கட்டுநாயக்கவில் கேள்வி கேட்பார்கள். விசா, முடக்கப்பட்ட கணக்கின் உறுதிப்பத்திரம், காப்புறுதி, முதல் தங்குமிடத்தின் பதிவு ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் காட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: போய் இறங்கிய பிறகு

எந்த மாதம் போவது என்பதும் முக்கியம். டிசம்பரில் போனால் நிறுவனங்கள் விடுமுறையில் இருக்கும், குளிரில் ஒரு மாத வாடகை வீணாகும். ஜனவரி இறுதியிலோ ஓகஸ்ட் இறுதியிலோ போய்ச் சேருங்கள்.

ஜேர்மனியில் வீட்டுக்குள் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவுத் தாள் இல்லாமல் பல காரியங்கள் நகராது. ஆகவே முதல் அறையை எடுக்கும்போதே ‘இங்கே பதிவு செய்யலாமா’ என்று கேளுங்கள்; முடியாது என்றால் மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பச் சொல்பவர் மோசடிக்காரர். பெரிய நகரங்களில் வாடகை கொல்லும். உங்கள் துறை நிறுவனங்கள் இருக்கும் சிறு நகரங்களைப் பாருங்கள்.

உறவு இல்லாதவர்களுக்குக் கோயில்களும் தேவாலயங்களும் உதவும். ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகின்றன. அங்கே அறை, பழைய சைக்கிள், நல்ல மருத்துவர் பற்றிய தகவல் கிடைக்கும். பொறியியல் வேலை கிடைப்பது அபூர்வம். அதற்குத் துறைசார் கண்காட்சிகள், பொறியியலாளர் சங்கக் கூட்டங்கள், லிங்க்ட்இன் என்று வேறு பக்கம் போக வேண்டும்.

முதல் மூன்று மாதம் உங்கள் துறையில் மட்டும், உங்கள் தகுதிக்கேற்ற வேலைக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். பகுதிநேர வேலை எடுத்தால் பொறியியல் அலுவலகத்தில் வரைபட உதவியாளர் வேலையாவது எடுக்கப் பாருங்கள். நான்காம் மாதத்திலிருந்து நகரத்தை விரிவாக்குங்கள், தொழில்நுட்பவியலாளர் நிலை வேலைகளையும் பாருங்கள். ஆனால் அதில் கையெழுத்திடும் முன், அந்தச் சம்பளமும் வேலை விவரமும் வதிவிட அனுமதி மாற்றத்துக்குப் போதுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பத்தாம் படி: திரும்பும் திகதி

இதைப் புறப்படும் முன்பே, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு பிள்ளை விமானம் ஏறினால் லயம் முழுவதும் வந்து வழியனுப்பும். திருவிழாவுக்குக் காசு அனுப்பவில்லையா என்று ஆறாம் மாதமே கேட்பார்கள். வெறுங்கையோடு திரும்பினால் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் விசா முடிந்தும் ஒளிந்து தங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அப்பாவிடமும் அம்மாவிடமும் மூன்று விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: முதல் ஓராண்டு பணம் அனுப்ப முடியாது, ஒன்பதாம் மாத முடிவில் நேர்முகத் தேர்வு அளவுக்குக்கூட எதுவும் நகராவிட்டால் திரும்பத் திட்டமிடுவேன், திரும்பி வந்து இங்கே வேலை தொடங்க ஆறு மாதச் செலவு வங்கியில் தனியாக இருக்கிறது.

வங்கி, காணி, வழக்கு போன்ற காரியங்களுக்காக நம்பிக்கையான ஒருவருக்கு, உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோர்னி தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எல்லாத் தாள்களின் ஸ்கேன் பிரதியும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

திரும்ப நேர்ந்தால், அட்டை காலாவதியாகும் நாள்வரை இழுக்காமல் அதற்கு முன்பே வெளியேறுங்கள். நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கி அதன் சான்றை வாங்குங்கள். காப்புறுதி, தொலைபேசி ஒப்பந்தங்களை எழுத்தில் முடியுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். முடக்கப்பட்ட கணக்கில் மிச்சமுள்ள பணத்தைத் திருப்பி அனுப்பக் கோரும் விண்ணப்பத்தை அங்கிருக்கும்போதே தொடங்குங்கள். அங்கே பெற்ற மொழிச் சான்றிதழ், சோதனை வேலை பார்த்த நிறுவனத்தின் கடிதம், முகவரி நீக்கச் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பின்னொரு நாள் அங்கிருந்து வேலை ஒப்பந்தம் வந்து, கொழும்பிலுள்ள ஜேர்மன் தூதரகத்தில் நீல அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது துணையாகக் கொடுக்கக்கூடிய தாள்கள் அவை.